குரு இல்லாத ஊரில் அணையாத விளக்கு

தேரோட்டம் நம் காஞ்சி மாநகருக்குப் புதியதன்று. நம் மாதா கோவில் திருவிழாக்களிலும் கொடியேற்றமும் சப்பர பவனியும் உண்டு. "படித்தவர்களுக்கு இந்த ஆரவாரம் எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. தோழியரே, இக்கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் எழுந்ததாகும்.

18-ஆம் நூற்றாண்டை அங்கே 'அறிவொளிக் காலம்' என்பர். எதையும் அறிவால் சோதித்தே ஏற்க வேண்டும் என்பது அக்கால அறிஞர் கொள்கை. ஆஸ்திரியப் பேரரசி மரிய தெரேசா 1774-இல் சிறுவர், சிறுமியர் இருபாலார்க்கும் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கினார். இது போற்றத்தக்கதே! ஆனால் அவருடைய மகன் இரண்டாம் யோசேப்பு மன்னர் பவனிகளையும் திருயாத்திரைகளையும் குறைத்தார். கோவிலில் ஏற்றும் மெழுகுதிரிகளுக்கும் கணக்கு விதித்தார். போர்த்துக்கல் அமைச்சர் பொம்பால் 1759-இல் சேசு சபைக் குருக்களை நாடு கடத்தினார். அரசர்களின் நெருக்குதலால் பாப்பரசர் 14-ஆம் கிளமெந்து 1773-இல் அச்சபையையே கலைத்தார்.

அந்த இடி நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் விழுந்தது. 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரும் அச்சபையினரே அல்லவா? வேதத்திற்காகத் துன்புற்று, பிறந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் ஏலாக்குறிச்சியில் அடைக்கலம் புகுந்து குடியேறியதாகக் கூறுவர். இத்தகைய ஊர்களில் முதிய குருக்கள் ஒவ்வொருவராய் மறைந்தனர். 1776-இல் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றனர். எனினும் ஊர்களோ பல, குருக்களோ சிலர். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டபின் அங்கிருந்து குருக்கள் வருவதும் அரிதாயிற்று.

அப்படியானால் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார்கள்! அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் முன்னதாக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதி வைத்திருந்தார். பூசையில்லாத ஞாயிறுகளில் அவர்கள் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார்கள். சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். வீடுகளில் தாய்மார் அந்தியில் விளக்கேற்றிச் செபமாலை சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டும் பவனியுமே வேதபுத்தகமாயின. 1814-இல் சேசு சபை மீண்டும் உயிர்பெற்றது. 1838-இல் அதன் குருக்கள் மதுரைச் சீமைக்குத் திரும்பியபோது, அவர்களை வரவேற்கக் கிறிஸ்தவ ஊர்கள் காத்திருந்தன.

நெசவாளர் ஊரில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். பாவு மட்டும் பட்டாகாது. ஊடை மட்டும் பட்டாகாது. அறிவில்லாத பக்தி மூடப் பழக்கமாய்த் தேயும். பக்தியில்லாத அறிவு துன்பம் வந்தால் துணை நிற்காது. நாம் கற்கும் கல்வி பெரும் பேறு. ஆனால் பாட்டி முணுமுணுக்கும் பழைய செபத்தைக் கேட்டு நகைக்குமுன், குருவும் கோவிலும் இல்லாத காலத்தில் நம் வேதத்தைக் காத்தது அந்தக் குரலே என்பதை நினைவிற்கொள்வோம். அதை நாமும் கற்று, நமக்குப் பின் வருவோர்க்குக் கையளிப்போம்!