மண்ணுக்குள் பதுங்கும் விஷ முள்!

2006-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. கடலில் வாழும் கொடிய பிராணிகளைப் பற்றிய படம் அது.

படத்தின் நாயகர் ஸ்டீவ் இர்வின். முதலைகளோடு துணிந்து போராடி உலகப் புகழ் பெற்றவர். வயது 44.

ஆழம் இல்லாத தண்ணீரில் ஒரு பெரிய திருக்கை மீன் நீந்தியது. இர்வின் அதை நெருங்கினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திருக்கை தன் வாலை வீசியது! வாலில் இருந்த முள் அவர் மார்பில் பாய்ந்தது. அவர் பிழைக்கவில்லை. அந்தக் காட்சி பொதுமக்களுக்குக் காட்டப்படவே இல்லை.

முதலைக்குத் தப்பியவர், மீனுக்குத் தப்பவில்லை!

நம் ஊரிலும் உண்டு

திருக்கை மீன் ஆஸ்திரேலியாவில் மட்டும் இல்லை. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியிலும் உண்டு. கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களுக்கு அது பழகிய மீன். குழம்பு வைத்தால் ருசியோ ருசி! ஆனால் உயிரோடு இருக்கும்போது அதை மிதித்துவிட்டால் ஆபத்துதான்.

திருக்கையின் உடல் முறம் போலத் தட்டையானது. மண்ணை மேலே வாரிப் போட்டுக்கொண்டு அடியில் படுத்துவிடும். கண் மட்டும் வெளியே தெரியும். கலங்கிய தண்ணீரில் அதுவும் தெரியாது.

வாலின் மேல் ரம்பம் போன்ற முள் இருக்கிறது. அதன் பற்கள் பின்நோக்கி வளைந்தவை. குத்தும்போது எளிதாக நுழையும். வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். முள்ளை மூடிய தோலில் விஷமும் உண்டு. வலி உயிர் போகும்! முள் ஒடிந்தாலும் வேறு முள் முளைத்துவிடும்.

கையால் இறால் பிடிக்கும் பெண்கள்

பழவேற்காட்டில் இருளர் பெண்கள் வலை இல்லாமல் இறால் பிடிக்கிறார்கள். தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைக் கையால் துழாவுவார்கள். பிடித்ததை ஓலைப் பறியில் போடுவார்கள். பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். சேற்றுக்குள் இருப்பது இறாலா, நண்டா, திருக்கையா என்று கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் சொல்ல வேண்டும். அன்றாடச் சோற்றுக்காக இந்தத் துணிச்சல்!

தப்பிக்க வழி என்ன?

திருக்கை மனிதனைத் தேடி வந்து தாக்குவதில்லை. மிதித்தாலோ, வழியை மறித்தாலோதான் பயந்து குத்துகிறது. ஆகவே ஆழம் இல்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. தரையோடு தேய்த்து மெதுவாக நடக்க வேண்டும். அதிர்ச்சி தெரிந்ததும் திருக்கை தானாகவே விலகிப் போய்விடும்.

காலிலோ கையிலோ குத்திவிட்டால், காயத்தைக் கழுவிவிட்டுப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும். தோல் வெந்துவிடக் கூடாது. சூட்டில் விஷத்தின் வீரியம் குறையும், வலி தணியும். பிறகு தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கினால் புண் சீழ் பிடிக்கும்.

மார்பிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் அதைப் பிடுங்கவே கூடாது! பிடுங்கினால் ரத்தம் பீறிட்டு உயிருக்கே ஆபத்தாகும். முள்ளோடு அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஏரியில் இறங்குகிறவர்கள் வீட்டில் சிறுவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும். ஒரு பானை வெந்நீர் பெரிய வேதனையைத் தணிக்கும்!