எத்தனையில் எத்தனை?

மருத்துவமனைக்கு வருவோரின் கையில் உள்ள கோப்பைப் பிரித்தால் எழுத்தைவிட எண்களே மிகுதியாகக் காணப்படும். இரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின், அணுக்களின் எண்ணிக்கை, மாத்திரையின் மில்லிகிராம், நாளொன்றுக்கு எத்தனை வேளை, மறுபடி வரவேண்டிய நாள் என்று பக்கந்தோறும் எண்கள். பள்ளித் தேர்வோடு கணக்குக்கு விடைகொடுத்துவிட்டதாக நினைத்திருந்தவர்கள், நாற்பதிலோ அறுபதிலோ, அதுவும் மனம் கலங்கியிருக்கும் வேளையில், மீண்டும் அதன் எதிரே அமர நேர்கிறது.

“எங்களுக்குக் கணக்கு வராது ஐயா, செய்யவேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள்” என்று பலர் எங்களிடம் கூறுவதுண்டு. சொல்வது எங்கள் கடமை, சொல்லியும் விடுகிறோம். ஆயினும் இரவில் வீட்டில் இன்சுலினை அளந்து எடுப்பவர் நாங்கள் அல்லர். அண்டை வீட்டார் சொன்ன ஒரு செய்தியைக் கேட்டு, மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தயங்கி நிற்பவரும் நாங்கள் அல்லர். அந்த நேரத்தில் துணை நிற்பது, நோயாளியும் குடும்பத்தாரும் கற்று வைத்திருக்கும் சிறிதளவு கணக்குத்தான். அதற்கு இயற்கணிதமோ வடிவியலோ வேண்டா. ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினால் போதும்: எத்தனையில் எத்தனை?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்லிக்கு ஊறவைப்பவர் நாள்தோறும் விகிதக் கணக்கைச் செய்கிறார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த நம் முன்னோர் கால், அரைக்கால், மாகாணி என்று எட்டில் ஒன்றையும் பதினாறில் ஒன்றையும் தனிப்பெயரிட்டே வழங்கினர். விருந்தினர் இருமடங்காக வந்தால் அரிசியை எவ்வளவு கூட்டுவது என்பதற்கு எந்தத் தாயும் தாளும் எழுதுகோலும் தேடுவதில்லை. அடுப்பங்கரையில் வரும் கணக்கு மருத்துவமனையில் வராமற்போவதற்குக் காரணம் அறியாமை அன்று, அச்சம். அந்த அச்சத்தைச் சில எடுத்துக்காட்டுகளால் தணிக்க முயல்கிறோம்.

முதலில் ஆய்வுக்கூட அறிக்கை. ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே இயல்பளவு என்று இரண்டு எல்லைகள் அச்சிடப்பட்டிருக்கும். எல்லை தாண்டிய எண் தடித்த எழுத்தில் இருந்தால், அதைக் கண்டவுடனே பலருடைய முகம் வாடிவிடுகிறது. பெரும்பாலான சோதனைகளில் அந்த எல்லைகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன? நலமாக உள்ளவர் பலரைச் சோதித்து, அவர்களுள் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை இயல்பு என்று கொள்கிறார்கள். ஆகவே நலமாக உள்ள 100 பேரில் 5 பேர் எல்லைக்கு வெளியே இருப்பர். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒருங்கே செய்தால், நலமாக உள்ள 100 பேரில் ஏறத்தாழ 64 பேருக்கு ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டியே இருக்கும். தடித்த எழுத்து மருத்துவரிடம் கேட்டுத் தெளியவேண்டிய ஒரு குறிப்பு. அது மட்டுமே நோய் என்று பொருள்படாது.

அடுத்தது, சோதனை முடிவு நோய் இருப்பதாகச் சொல்லும் நிலை. கணக்குக்காக ஒரு நோயைக் கற்பனை செய்துகொள்வோம். அறிகுறி எதுவும் இல்லாத 1000 பேரில் 10 பேருக்கு அந்நோய் உள்ளது. சோதனை அப்பத்துப் பேரில் 9 பேரைக் கண்டுபிடித்துவிடும். நோயில்லாத 100 பேரில் 5 பேரை மட்டும் தவறுதலாக நோயாளி என்று காட்டும். நல்ல சோதனை என்றே தோன்றும். இப்பொழுது எண்ணிப் பாருங்கள். நோயில்லாதவர் 990 பேர். அவர்களில் ஏறத்தாழ 50 பேருக்குத் தவறான முடிவு வரும். மெய்யான நோயாளிகள் 9 பேர். ஆக, நோய் உண்டு என்று தாள் பெறுவோர் 59 பேர். அவர்களுள் மெய்யாகவே நோயுள்ளவர் 9 பேர் மட்டுமே. ஆறேழு பேரில் ஒருவர்!

அதே சோதனையை, தக்க அறிகுறிகளோடு வந்த 1000 பேருக்குச் செய்வதாகவும், அவர்களில் 500 பேருக்கு அந்நோய் இருப்பதாகவும் கொள்வோம். 450 பேரை அது சரியாகக் காட்டும்; 25 பேரைத் தவறாகக் காட்டும். இப்பொழுது 475 இல் 450 முடிவுகள் மெய். சோதனை மாறவில்லை, எவருக்குச் செய்தோம் என்பதே மாறியது. எப்பொழுது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, குடும்பத்தில் எவருக்கேனும் உண்டா என்று நாங்கள் பலவாறு வினவுவதும், முதல் முடிவு வந்த பின் இரண்டாவது சோதனையைக் கேட்பதும் இக்கணக்கை ஒட்டியவையே.

மூன்றாவதாக, இருமடங்கு என்னும் சொல். அது எத்துணைத் தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு 1995 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் நடந்தது சான்று. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சில, இரத்தநாளத்தில் கட்டி உறையும் இடரை இருமடங்காக்குகின்றன என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி பரவியது, பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையை நிறுத்தினர். எத்தனையில் எத்தனை என்று கேட்டிருந்தால் விடை இதுதான்: பழைய மாத்திரையில் 7000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7000 பேரில் இருவருக்கு வந்தது. மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. கருவுற்றிருக்கும் காலத்தில் இரத்தம் உறையும் இடர் அம்மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். எச்சரிக்கை பொய்யன்று; ஆனால் அதன் பருமனை எவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

நன்மைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு மருந்து மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கும் என்றால், 100 பேரில் 20 ஆக இருந்தது 10 ஆகிறதா, 2 ஆக இருந்தது 1 ஆகிறதா என்று கேளுங்கள். இரண்டும் பாதிதான், முதலாவதில் பத்துப் பேர் காப்பாற்றப்படுகின்றனர், இரண்டாவதில் ஒருவர். கேட்ட பிறகு முடிவெடுங்கள். கேட்காமல், எவரையும் கலந்துகொள்ளாமல், மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டா.

சராசரியைப் பற்றியும் ஒரு சொல். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சோதனை என்று வழங்குவது, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் 100 பங்குக்கு எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதன் கணக்கு. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் ஆதலின், அது கடந்த சில மாதங்களின் கதையைக் கூறுகிறது. அதில் 7 என்று வந்தால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154 என்று கொள்ளலாம். எனினும் 150 லேயே நின்றவருக்கும், 60 க்கு இறங்கி 240 க்கு ஏறியவருக்கும் சராசரி ஒன்றே. முன்னவர் நிம்மதியாக உறங்குகிறார். பின்னவர் நள்ளிரவில் வியர்த்து நடுங்கி எழுகிறார். ஆகையால்தான் நல்ல எண்ணோடு வந்தவரிடமும் வீட்டில் எடுத்த அளவுகள் எங்கே என்று கேட்கிறோம்.

சராசரியைப் போன்றே தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இடைநிலை அளவு. இதனை வாழ்வா சாவா என்ற நிலையில் நின்று கற்பித்தவர் அமெரிக்கப் பரிணாம உயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டு. 1982 ஆம் ஆண்டு, தம் நாற்பதாம் வயதில், வயிற்றின் உட்சவ்வில் எழும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் தமக்கு இருப்பதை அவர் அறிந்தார். மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தபோது, நோய் கண்டபின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று கண்டார். எட்டு மாதத்தில் இறந்துவிடுவோம் என்றே பிறர் அதைப் படித்திருப்பர். அவரோ எண்களோடு பழகியவர். 100 பேரில் 50 பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தனர் என்றால், மற்ற 50 பேர் அதனைக் கடந்து வாழ்ந்தனர் என்பதும் அதன் பொருள். கடந்தவர்களுள் சிலருடைய காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டு செல்லக்கூடும். தம் வயது, நோய் கண்ட நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றை எண்ணி, தாம் அந்த இரண்டாம் பாதியில் இருக்க வாய்ப்புண்டு என்று அவர் முடிவு செய்தார். 2002 இல், இருபது ஆண்டுகளுக்குப் பின், வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அவ்வாறு அமையும் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்வது நேர்மையும் ஆகாது. அந்த எண் பலரைப் பற்றியது. தம் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அது நாள் குறிப்பதில்லை. இதனைக் கணக்கே நமக்குச் சொல்லித் தருகிறது.

இறுதியாக, வீட்டிலேயே நாள்தோறும் செய்யவேண்டிய கணக்கு. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உடையனவாகவும் 100 யூனிட் உடையனவாகவும் கிடைக்கின்றன. 40 க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரவும், உயிருக்கே ஆபத்து நேரவும் அது போதும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட் மட்டுமே செல்லும்; சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் என்பதும் எத்தனையில் எத்தனை என்னும் அதே கேள்விதான்.

எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் இதனைப் பிழையின்றிக் கற்றுக்கொள்வதை எங்கள் பிரிவில் பன்முறை கண்டிருக்கிறோம். அவர்கள் கற்கும் முறை எளியது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. காதால் கேட்டதைக் கையால் செய்து பார்த்தல். செய்ததைச் செவிலியரிடம் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லுதல். ஐயம் எழுந்தால் நாணாமல் மறுபடி கேட்டல். குப்பியையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அக்கைகள் முதல் நாள் நடுங்கும். நான்காம் நாள் நடுக்கம் நின்றுவிடும். அதன் பிறகு மருந்துக்கடையில் வேறு வகைச் சிரிஞ்சு கொடுத்தால், இது எங்களுடையது அன்று என்று திருப்பிக் கொடுக்கும் துணிவும் வந்துவிடுகிறது.

ஆகவே அடுத்த முறை வரும்பொழுது ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று வினாக்களை எழுதிக்கொண்டு வாருங்கள். இம்மருந்தால் 100 பேரில் எத்தனை பேருக்கு நன்மை? எத்தனை பேருக்குத் தொல்லை? மருந்தின்றி இருந்தால் எத்தனை பேருக்கு என்ன ஆகும்? எங்களிடம் விடை உள்ளவற்றுக்குச் சொல்வோம். உறுதியான விடை இல்லாதவற்றை இல்லை என்றே சொல்வோம். கேட்டதை அன்றிரவே வீட்டிலுள்ள மற்றொருவருக்கு உங்கள் சொற்களில் விளக்கிக் காட்டுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தைக் குறித்துவைத்து மறுபடி எங்களிடம் கேளுங்கள்.