ரோஸ் பலூன் வாங்கப் போறீங்களா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடைசி நோயாளியையும் பார்த்து அனுப்பிவிட்டு, கல்வத்தைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வழக்கமாக வரும் அம்மா ஒருவர் உள்ளே வந்தார். கையில் தைலச் சீசா இல்லை. பலூன் கடையில் கொடுத்த வண்ண அட்டை இருந்தது!

"டாக்டர், பேத்திக்கு ஆண்டு நிறைவு. மண்டபம் முழுக்க ரோஸ் பலூன்னு முடிவாயிடுச்சு. மருமக இளம் ரோஸ்தான் வேணும்கறா. என் பொண்ணு ராணி கலர்ங்கறா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நாலு நாளாச்சு. ரோஸ் கலர் குழந்தை மனசை அமைதியாக்கும்னு வேற சொல்றாங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க!"

நாடி பார்க்கிறவனிடம் பலூன் கலர் கேட்கிறார்களே என்று சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. அது பின்னால் வருகிறது. முதலில் கலரைப் பார்த்துவிடுவோம்.

ரோஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஜவுளிக் கடையில் போய் நின்றால்தான் அதில் எத்தனை ஜாதி என்று புரியும். வெங்காயக் கலர், தாமரைக் கலர், ராணி, வாடாமல்லி, கனகாம்பரம்... இவற்றை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சாயல் கலந்த ரோஸ் ஒன்று. பீச், கனகாம்பரம் எல்லாம் இந்தப் பக்கம். நீலச் சாயல் கலந்த ரோஸ் இன்னொன்று. ராணி, வாடாமல்லி அந்தப் பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒன்று அழுக்கேறிய மாதிரித் தெரியும். அப்படிக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவே வெள்ளையை நிறையக் கொடுங்கள். ஒரே குடும்பத்தில் இளசு, நடுத்தரம், அழுத்தம் என்று மூன்று எடுத்தால் சண்டையும் வராது. மாமியார், மருமகள், நாத்தனார் மூவருக்கும் ஆளுக்கொன்று!

வண்ண அட்டையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஊதாத பலூனில் தெரியும் கலர் வேறு, ஊதிய பிறகு தெரியும் கலர் வேறு. ரப்பர் விரிய விரிய நிறம் வெளுக்கும். கையில் ராணியாக இருந்தது முழுசாக ஊதினால் தாமரையாகிவிடும். ஒரு பலூனுக்குள் இன்னொன்றை நுழைத்து ஊதி, வேண்டிய நிறத்தை வரவழைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் ஒன்றை முழுசாக ஊதி, மண்டபத்துக்கே கொண்டுபோய், ராத்திரி விளக்கைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் இளம் ரோஸ் பீச் மாதிரி இருக்கும். வெள்ளை விளக்கில் ராணி கலர் ஊதாப் பக்கம் சாயும். மாடியிலோ தோட்டத்திலோ விழா என்றால் இன்னொரு சங்கதி உண்டு. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் ரப்பர் பலூனின் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அழுத்தமான கலரில் இது பளிச்சென்று தெரியும். அதனால் வெயிலுக்கு இளம் கலர் எடுங்கள். முழுசாக ஊதாமல் கொஞ்சம் தளர்வாக ஊதுங்கள்.

குழந்தைக்கும் ரோஸ் பட்டுப் பாவாடை, பின்னாலும் ரோஸ் பலூன் என்றால் போட்டோவில் குழந்தையைத் தேடத்தான் வேண்டும். பலூனுக்கு நடுவே தென்னங்குருத்துத் தோரணம் கொஞ்சம் கட்டிப் பாருங்கள். தாமரையும் இலையும் போல எடுப்பாக இருக்கும்.

சரி, ரோஸ் கலர் மனசை அமைதியாக்குமா? இந்தக் கதை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1979-ல் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை ஒன்றில், ஓர் அறைக்கு ரோஸ் கலர் அடித்தார்கள். அதில் அடைத்த கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த நிறத்துக்கே பேக்கர்-மில்லர் பிங்க் என்று பெயர் வந்துவிட்டது. பிற்பாடு முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெண் குழந்தைக்கு ரோஸ் என்பதும் பழைய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. 1918-ல் அமெரிக்கத் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று, ஆண் குழந்தைக்குத்தான் ரோஸ், பெண் குழந்தைக்கு நீலம் என்று எழுதியிருக்கிறது! ஆக, பிடித்த ரோஸை வாங்கிக் கொள்ளுங்கள். குழந்தைக்கு அமைதி வேண்டுமானால் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள்.

இனி என் வீட்டுக் கதை.

பேத்திக்குப் பதினோராம் மாதத்தில் காது குத்தினோம். ஹால் முழுக்க இளம் ரோஸ் பலூன். தரையில் விரித்த ஜமுக்காளமும் அதே ரோஸ்! பொருத்தமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் பெருமை. பந்தி முடிந்து உறவுக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் நாலைந்து பலூனை உடைத்து விளையாடினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தவழ்ந்து போன குழந்தை திடீரென்று நின்றாள். அழுகை இல்லை, இருமல் இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது.

தூக்கி முன்கையில் குப்புறப் போட்டேன். தலை தாழ இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் தட்டினேன். நாலாவது தட்டில் வந்து விழுந்தது, நகம் அகலத்துக்கு ஒரு ரோஸ் துண்டு. ஜமுக்காளத்தின் மேல் விழுந்ததும் அது எங்கே என்று எனக்கே தெரியவில்லை! குழந்தை வீறிட்டு அழுதாள். அத்தனை வருஷம் நாடி பிடித்த கை அன்று ராத்திரி வரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பலூன் துண்டு மற்ற சாமான்களைப் போல அல்ல. பொத்தானோ புளியங்கொட்டையோ சிக்கினால் சில சமயம் ஓரத்தில் காற்றுப் போக இடம் இருக்கும். ரப்பர் துண்டு தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து, மூடி போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். உடைந்த துண்டை வாயில் வைத்துச் சின்னக் குமிழி ஊதுகிற பழக்கம் பெரிய பிள்ளைகளுக்கு உண்டு. சிரித்து மூச்சை இழுத்தால் உள்ளே போய்விடும். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து என்று பலூன் பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும்.

இதற்குச் சூரணமும் கிடையாது, லேகியமும் கிடையாது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும், விட்டுவிடுங்கள். சத்தமே வராவிட்டால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் நான் செய்தது போல ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நடு மார்பெலும்பில் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாயில் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றுவது, வாழைப்பழம் கொடுப்பது எல்லாம் கூடவே கூடாது. நினைவு தப்பினால் தரையில் படுக்க வைத்து, மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். துண்டு வெளியே வந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. நாங்களும் காட்டினோம்.

அன்றிலிருந்து கலர் விஷயத்தில் எனக்கு ஒரே கட்சிதான். தரை விரிப்பும் பலூனும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. விரிப்பு வெள்ளை அல்லது சந்தன நிறம். கைக்கு எட்டுகிற உயரத்தில் ராணி மாதிரி அழுத்தமான ரோஸ். உடைந்தால் துண்டு பளிச்சென்று தெரியும், உடனே பொறுக்கிவிடலாம். இளம் ரோஸ் வேண்டும் என்கிறவர்கள் அதை மேலே, வளைவில் கட்டிக்கொள்ளட்டும்.

இன்னும் சில. சிலருக்கு ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாது. பலூன் பட்டால் அரிப்பு, தடிப்பு, மூக்கில் நீர் வரும். வாழைப்பழமும் பப்பாளியும் அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஆகாது. உதடு வீங்கினாலோ இழுப்பு வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாயால் ஊதுவதை விட்டுப் பம்பு வாங்கிவிடுங்கள். முக்கி ஊதினால் கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறும். கண் ஆபரேஷன் செய்த தாத்தாவையும் குடலிறக்கம் உள்ள மாமாவையும் ஊதச் சொல்லாதீர்கள்.

மேலே மிதக்கிற பலூன் கேட்டால், உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தையும் போட்டு ஹைட்ரஜன் தயாரித்து நிரப்புகிறவர்கள் உண்டு. கேக் மெழுகுவர்த்தி பட்டால் அது தீப்பந்துதான். 2022 அக்டோபரில் திருச்சியில், பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் கடைத்தெருவில் வெடித்து ஒருவர் இறந்தார். சிலிண்டரை விழா நடக்கும் இடத்துக்குள் விடவே வேண்டாம்.

பலூனுக்குப் பொருத்தமாகப் பஞ்சு மிட்டாயும் ரோஸ் என்பார்கள்! துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அடுத்துத் தமிழ்நாட்டிலும் அதைத் தடை செய்தார்கள். ரோஸில் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டுமா? காம்பும் மகரந்தமும் நீக்கிய செம்பருத்தி இதழைக் கொதிநீரில் போட்டு மூடுங்கள். ஆறியதும் வடிகட்டி, பனங்கற்கண்டு கரைத்து, எலுமிச்சை பிழியுங்கள். மங்கலாக இருந்த நீர் கண் முன்னாலேயே ரோஸாக மாறும். பெரிய பிள்ளைகள் இதைப் பார்க்கவே சுற்றி நிற்பார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது வேண்டாம்.

அந்த அம்மா மறுபடி வந்தார். மேலே வெங்காயக் கலர், கீழே ராணி, தரையில் வெள்ளை விரிப்பு என்று முடிவாகிவிட்டதாம். பொறுக்குவதற்கென்று ஒரு மாமாவைக் கூடையோடு நியமித்திருக்கிறார்களாம். மருமகளுக்குத்தான் வெள்ளை விரிப்பில் சாம்பார் கொட்டுமே என்று கவலை!