பெதும்பையின் பயணம்



நான் வாழ்வது மேலகரத்தில். திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. அந்நூலின் தலைவி வசந்தவல்லி. அவள் பந்தாடுகிறாள், உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள், பின்பு வீட்டிலிருந்து வருந்துகிறாள். மலைகளையும் நாடுகளையும் சுற்றி வந்தவள் குறத்தி. வகுப்பில் இக்கதையை நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வசந்தவல்லிக்காக இரங்கினார்கள். ஆனால் குறத்தி வந்தவுடன்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இது ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்த நம் முன்னோர், எட்டு முதல் பதினொரு வயது வரை உள்ளவளைப் பெதும்பை என்றனர். இன்று மேனாட்டுப் பதிப்பாளர் எட்டு முதல் பன்னிரண்டு வயதினர்க்கெனத் தனி நூல்வரிசை வெளியிடுகின்றனர். அவ்வரிசையில் சிறுமி ஒருத்தி மாய உலகிற் புகுந்து இடர்களை வென்று மீளும் கதைகளுக்குப் பெரும் வரவேற்பு உண்டு. அப்பருவத்துக்குப் பெயரிட்டவர்கள் நாம். ஆனால் நம் உலா நூல்களில் தலைவன் வீதியிலே வருகிறான். பெதும்பை நின்று காண்கிறாள். பயணம் அவனுடையது.

வீரச் சிறுமியர் நம்மிடம் இல்லாமல் இல்லை. அல்லி அரசாணி மாலையில் அல்லி, இளமையிலேயே போரிட்டு, அரசைக் கவர்ந்தவனை வென்று மதுரையை ஆள்கிறாள். பின்பு அருச்சுனன் வருகிறான். சூழ்ச்சியால் அவளை மணக்கிறான். அவளுடைய கதை அங்கே அவனுடைய கதையாகிவிடுகிறது.

இனி, மேனாட்டுக் கதை ஒன்றைப் பார்ப்போம். 1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராயிருந்த சார்லஸ் டாட்ஜ்சன், மூன்று சிறுமியரைப் படகில் அழைத்துச் சென்றபோது அவர்களுக்கு ஒரு கதை சொன்னார். அவர்களுள் ஒருத்தி பத்து வயது ஆலிஸ். அக்கதையை எழுதித் தருமாறு அவள் வேண்டினாள். 1865இல் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் அது நூலாயிற்று.

அந்நூலில் ஆலிஸ் முயல்வளைக்குள் விழுகிறாள். அவள் உடல் திடீரென வளர்கிறது, திடீரெனச் சுருங்குகிறது. ‘நீ யார்?’ என்று ஒரு புழு கேட்க, அவளுக்கே விடை தெரியவில்லை. பெரியவர்களுக்கு இது வேடிக்கை. பத்து வயதுப் பெண்ணுக்கோ இது தன் வரலாறு. அவளுடைய உடலும் மாறத் தொடங்கும் காலம் அது. நேற்றுவரை ‘ஓடி விளையாடு’ என்ற வீடு, இன்று ‘பெரிய பெண்ணாகப் போகிறாய், அடங்கி இரு’ என்கிறது. அவ்வேளையில் ஒரு நூல், ‘நீ போகலாம், கேட்கலாம், எதிர்த்துப் பேசலாம்; பிறகு வீட்டுக்கும் திரும்பலாம்’ என்று காட்டுகிறது. இக்கதைகளின் கவர்ச்சி இதுவே. மாயம் என்பது வீட்டாரின் அனுமதி தேவைப்படாத ஒரு வாயில்.

தமிழிலும் அவ்வாயில் திறந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. கொலுப்படியில் பேசாது நிற்கும் மரப்பாச்சி, இந்நாவலில் ஒரு சிறுமியிடம் பேசுகிறது. தகாத முறையில் தொடுவோரைக் குறித்து மௌனம் காக்க வேண்டியதில்லை என்னும் துணிவை ஊட்டுகிறது. வீட்டில் சொல்லக் கூசும் செய்தியைப் பொம்மையின் வாயால் சொல்ல முடிந்தது.

இதனை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். 1996இல் ஒரு நடுநிலைப்பள்ளியில் பணியாற்றினேன். நூலகப் பெட்டியிலிருந்து ஆண்பிள்ளைகளுக்குக் கடற்பயணக் கதைகளையும், பெண்பிள்ளைகளுக்கு நன்னெறிக் கதைகளையும் கொடுப்பது என் வழக்கம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கொடுத்த நூலைத் திருப்பித் தந்து, “சார், இந்தக் கதையில அந்தப் பிள்ளை எங்கயுமே போகலியே?” என்றாள். அன்று ஆலிஸ் கதையின் தமிழ் நூலை எடுத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மும்முறை படித்ததாகச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு பூப்பெய்தியதும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டிற்குச் சென்று அவள் தந்தையாரிடம் இருமுறை பேசினேன், பயனில்லை. இரண்டாம் முறை நான் புறப்பட்டபோது, அவள் கதவருகே நின்று, “சார், அந்தப் புத்தகம் என்கிட்டதான் இருக்கு” என்றாள். “இருக்கட்டும், அம்மா” என்றேன். பதிவேட்டில் அதன் விலையை என் கையிலிருந்து கட்டினேன். ஒரு நூல் ஒரு பெண்ணைப் பள்ளிக்கு மீட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அவளை அது மீட்கவில்லை. எனினும், தனக்கு மறுக்கப்பட்டது இன்னதென்று அவள் அறிந்திருந்தாள்.

பெற்றோரே, ஆசிரியரே, ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு கற்பனை எதற்கு?’ என்று கேளாதீர்கள். அத்தகைய நூலை உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். மகனுக்கும் கொடுங்கள், நாளை வேறொரு பெண்ணின் வழியை மறிக்காதவனாய் அவன் வளர அது துணைசெய்யும். வசந்தவல்லியின் துயரைப் பாடிய இதே ஊரில், குறத்தியைப் போல் மலையேறிப் பார்க்க விரும்பும் சிறுமியரும் இருக்கின்றனர்.