உப்புத்தாளும் ஊக்கும்

1939 ஜூலை 2ஆம் தேதி. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் கேரவன் ஹால் என்ற மண்டபம். அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு அங்கேதான் கூடியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். கோட்டும் டையுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் வேற்றுக் கிரகத்துக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள் மாதிரி நின்றார்கள். பச்சை மேலங்கி போட்டிருந்தவர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன். கூட வந்தவர் மர்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் அவருக்கு மொரோஜோ என்று பெயர். எல்லோரும் இப்படித்தான் வருவார்கள் என்று நினைத்ததாக அக்கர்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மாறுவேடப் போட்டி நாளைக்கு என்பது தெரியாமல் இன்றைக்கே பாரதியார் வேஷத்தில் பள்ளிக்குப் போய் நிற்கிற பையனின் நிலைமை.

இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மொரோஜோ. பெயர் அதிகம் கிடைத்தது அக்கர்மனுக்கு, ஊசி குத்தியது மொரோஜோவுக்கு. காஸ்ப்ளே எனப்படும் இந்த வேஷக்கலையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வெகுகாலம் வரை அந்தப் பெண்ணை அடிக்குறிப்பில்தான் வைத்திருந்தார்கள். தையல் தெரிந்த எனக்கு அது உறுத்துகிறது.

அவருக்கு மாதிரியாக இருந்தவை இரண்டு: பத்திரிகைகளுக்கு ஃபிராங்க் ஆர். பால் வரைந்த ஓவியங்கள், 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ திரைப்படம். ஓவியத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். மேலங்கி முதுகில் எப்படி விழுகிறது, கொக்கி எங்கே, உள்ளே என்ன துணி என்று ஓவியரைக் கேட்க முடியாது. படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வழியில்லை. தெரியாத பாதியை அவரேதான் கற்பனை செய்திருக்க வேண்டும். ‘அது இப்படி இருக்காதே’ என்று சொல்ல அந்த மண்டபத்தில் யாருக்கும் ஆதாரம் இல்லை.

என் அக்கா மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவள் கட்டப்போவது ஒரு வீடியோ கேம் வீராங்கனையின் கவசம். ஃபோனில் அந்த உருவத்தை விரலால் சுழற்றுகிறாள். முதுகு, அக்குள், குதிகால் எல்லாம் தெரிகின்றன. தோள்வாரின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“எட்டுத் தையல் இருக்கு பாருங்க சித்தி. ஏழு போட்டா கண்டுபிடிச்சிடுவாங்க.”

“யாரு முதுகுக்குப் பின்னாடி வந்து எண்ணப் போறா?”

“எண்ணுவாங்க.”

இந்தத் தொழிலில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். கருவிகள் மாறியதை எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், தெரியாத பாதி தொலைந்துபோனது. கருவிகள் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை அந்த எட்டுத் தையல் சாப்பிட்டுவிடுகிறது.

நியூயார்க்கில் விழுந்த விதை சட்டென்று முளைத்தது. அடுத்த வருஷமே சிகாகோ மாநாட்டில் மாறுவேட விருந்தும் பரிசும் வந்துவிட்டன. டேவிட் கைல் என்பவர் ஃபிளாஷ் கார்டன் கதையின் வில்லன் மிங்காக வந்து பரிசு வாங்கினார். உடையைச் செய்தவர் லெஸ்லி பெர்ரி என்ற பெண். மறுபடியும் அதே கணக்கு! 1941இல் டென்வர் மாநாட்டில் மொரோஜோ ஒரு தவளை முகமூடியோடு வந்தார். அதைச் செய்து கொடுத்தவர் 21 வயது ரே ஹாரிஹவுசன். பொம்மைகளை அங்குலம் அங்குலமாக அசைத்துப் படம் பிடிக்கும் கலையில் பின்னாளில் பெரும்பேர் எடுத்தவர் அவர்.

அப்போது கையில் இருந்தவை அட்டை, காகிதக்கூழ், கம்பி, சட்டைக் காலருக்கு விறைப்புக் கொடுக்கும் பக்ரம், பழைய திரைச்சீலை. சிலர் சமையலறை வரை போனார்கள். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற இளம் கார்ட்டூனிஸ்ட், தன் சித்திரக்கதைப் பாத்திரமாக மேடையேற உடம்பெல்லாம் பீனட் பட்டரைப் பூசிக்கொண்டார். பாத்திரத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நிறம் பொருத்தமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மேடை விளக்கின் சூட்டில் அது இளகி, வாடை கிளம்பி, பக்கத்தில் நின்றவர்களின் உடையிலும் இருக்கைகளிலும் ஈஷியது. மாதக்கணக்கில் தைத்த ஜரிகை உடையில் அது பட்டவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து மாறுவேடப் போட்டி விதிகளில் ‘பீனட் பட்டர் கூடாது’ என்று ஒரு வரி ஏறியது. அடுத்தவர் மேல் ஒட்டுகிற எதற்கும் இன்றுவரை அது பொதுப்பெயர்.

‘காஸ்ப்ளே’ என்ற சொல் ஜப்பானியர் கொடுத்தது. மாறுவேட விருந்தைக் குறிக்கும் ‘மாஸ்கரேட்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொன்னால் ஏதோ பிரபுக்கள் வீட்டு விருந்து மாதிரிப் பழையதாக ஒலித்ததாம். நொபுயுகி தகாஹஷி என்பவர் 1983 ஜூனில் ‘மை அனிமே’ இதழில் எழுதியபோது, காஸ்ட்யூம், ப்ளே இரண்டையும் சுருக்கி ‘கொசுபுரே’ என்றார். ரசிகர்கள் கூடும் காமிக்ஸ் சந்தையான காமிக்கெட், டோக்கியோவில் 1975 முதல் நடக்கிறது. அங்கே வேஷத்தோடு வீட்டிலிருந்து கிளம்பி வரக்கூடாது. சாதாரண உடையில் வந்து, உடை மாற்றும் அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த விதியால் உடை செய்யும் முறையே வேறாகிறது. நெடுந்தடி மூன்றாகக் கழல வேண்டும், இறக்கை மடங்க வேண்டும், எல்லாம் ஒரு சக்கரப்பெட்டிக்குள் அடங்கி ரயிலில் ஏற வேண்டும். அழகாகச் செய்துவிட்டால் போதாது. பெட்டியை மூட முடிகிறதா என்பதும் கைவேலைதான்.

கவசத்துக்கு வருவோம். 2000க்குப் பிறகு சில வருஷம் பெபகுரா என்ற ஜப்பானிய மென்பொருள் எங்கும் பரவியிருந்தது. முப்பரிமாண உருவத்தைத் தட்டையான காகிதத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். அச்சிட்டு, வெட்டி, மடித்து ஒட்டினால் காகிதத் தலைக்கவசம். அதன்மேல் ரெசின், உள்ளே ஃபைபர் இழை, வெளியே காருக்குப் பார்க்கும் பட்டி. வீடு முழுக்க நெடி, உடம்பு முழுக்க அரிப்பு. கட்டி முடித்தால் கல் மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டு உட்கார முடியாது.

அந்த நிலைமையை மாற்றியது ஈவிஏ ஃபோம். உடற்பயிற்சிக் கூடங்களிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும், ஓரம் பல் பல்லாக ஒன்றோடொன்று கோத்துப் போடும் மெத்தென்ற தரைவிரிப்பு இருக்கிறதே, அதுதான். யாரோ ஒருவருக்கு அதை வெட்டி மார்க்கவசம் ஆக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. கத்தி மழுங்கினால் வெட்டுப்படாது, பிய்யும். ஆகவே நாலு கோடு வெட்டினால் ஒருமுறை தீட்ட வேண்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் மேல்தோலின் நுண்துளைகள் மூடிக்கொண்டு பளபளக்கும். சூடு ஆறுவதற்குள் முழங்கால் மேல் வைத்து வளைத்துப் பிடித்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

ஒட்டுவதற்குக் காண்டாக்ட் சிமென்ட். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. டியூபிலும் சொல்யூஷன் தடவ வேண்டும், ஒட்டுத்துண்டிலும் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. ஈரம் போய், தொட்டால் விரலோடு வராத பதம் வரட்டும். பிறகு அமுக்கினால் பிரிக்க முடியாது. கோணலாக வைத்துவிட்டால் கோணல்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் பால்கனிக் கொடியில் துணிக்குப் பதில் தோள்கவசம் தொங்கியது. “சித்தி, தொட்டுடாதீங்க, இன்னும் காயலை!” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. ஒரு மாதமாக அக்கா துணி உலர்த்துவது மொட்டைமாடியில்தானாம்.

ஒட்டிய பிறகும் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். வயிற்றை நிரப்ப முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஐந்தாறு கை பூச வேண்டும். வோர்ப்லா என்ற பிளாஸ்டிக் தகடும் உண்டு. சுமார் 90 டிகிரி சூட்டில் இளகி, தன்மேல் தானே ஒட்டும். வெட்டி மிஞ்சிய துணுக்குகளைக்கூட மாவு மாதிரி உருட்டிப் பூவேலை செய்யலாம். விலையைக் கேட்டால் அந்தத் துணுக்கு ஒன்றைக்கூட எறிய மனம் வராது.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம். ‘பட்டனைத் தட்டினால் ஹெல்மெட் வருகிறதே, இதில் கைவேலை எங்கே?’ என்று நானும் ஒரு காலத்தில் இளக்காரமாகப் பேசியவள்தான். இரவெல்லாம் ஓடி மறுநாள் சாயங்காலம் வந்த அந்தத் தலைக்கவசத்தைத் தடவிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பிளாஸ்டிக்கை உருக்கி 0.2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைப்பதால் மேலெல்லாம் கோடு கோடாக இருந்தது. அது மழமழவென்று உலோகம் மாதிரி ஆக வேண்டுமானால் பட்டி, 120 எண் உப்புத்தாள், பிரைமர், 220, மறுபடி பிரைமர், 400. இயந்திரம் ஒரு நாளில் முடித்ததற்கு அவள் கை ஒன்பது நாள் தேய்த்தது. வீட்டில் சாம்பார் வரைக்கும் வெள்ளைத் தூசி. மொரோஜோ அந்த ஒன்பது நாளில் இன்னும் இரண்டு மேலங்கி தைத்திருப்பார். இன்னொன்று: அச்சில் உருக்கும் இந்த பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வாய் கோணியிருக்கும்.

காசு கொடுத்தால் முழு உடையும் கூரியரில் வந்து இறங்குகிற காலமும் இதுவே. வாங்கி உடுத்துகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. கல்யாணப் புடவையை எல்லோருமா நெய்துகொள்கிறோம்? ஆனால் போட்டிகளில் ‘கையால் செய்தது’ என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். ஜப்பானின் நகோயாவில் 2003 முதல் நடக்கும் உலகக் காஸ்ப்ளே உச்சிமாநாட்டின் போட்டியில், உடை போட்டியாளர்களே செய்ததாக இருக்க வேண்டும். பல போட்டிகளில் மேடைக்கு முன்பே நடுவர்கள் தனியாகப் பார்க்கிறார்கள். வெட்டியது, ஒட்டியது எல்லாவற்றையும் படிப்படியாகப் படமெடுத்து ஆல்பமாகக் கொண்டுபோக வேண்டும். ஓரத்தைத் திருப்பி உள்தையலையும் பிசிறையும் பார்ப்பார்கள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்து மூக்கைச் சுளித்த என் பழைய தையல் டீச்சரை இந்த நடுவர்களோடு உட்கார்த்தி வைத்தால் நன்றாகப் பொருந்துவார்.

ஆயுதங்களுக்கும் சோதனை. 2017இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த ‘காமிக் கான்’ ரசிகர் திருவிழாவில் நிஜத் துப்பாக்கிகளோடு ஒருவர் பிடிபட்டார். மீதி நாட்களுக்கு எல்லாப் போலி ஆயுதங்களையும் தடை செய்துவிட்டார்கள். மாதக்கணக்கில் வாள் செய்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். செய்கிற ஆயுதம் இரும்பைப் போலத் தெரிய வேண்டும், தொட்டால் ஃபோம் என்று காவலருக்குத் தெரியவும் வேண்டும்.

இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லியின் தில்லி ஹாட்டில் தொடங்கியது. சென்னைக்கு வர 2024 பிப்ரவரி ஆனது: நந்தம்பாக்கம் வர்த்தக மையம், இரண்டு நாள். அதற்கு முந்தைய இரவு அக்கா வீட்டில் நான் இருந்தேன். இந்தக் கடைசி நேர அல்லாட்டத்துக்கு அவர்கள் வட்டத்தில் ‘கான் க்ரஞ்ச்’ என்று பெயர். நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், தீபாவளிக்கு முந்தைய ராத்திரி டெய்லர் கடை. அவள் வெள்ளிப் பெயின்ட்டை ஹேர் டிரையரில் காயவைத்தாள். தோழி ஒருத்தி விக்கை ஸ்பிரே அடித்து முள்முள்ளாக நிறுத்தினாள். எனக்குக் கிடைத்த வேலை தோள்வார். எட்டுத் தையல், ஒவ்வொன்றும் ஒரே நீளம். இரண்டரை மணிக்கு எட்டாவதை முடித்து முடிச்சுப் போட்டேன்.

காலையில் நுழைவாயில் வரிசையில் அரை மணி நேரம். யாரோ ஒருவரின் இறக்கை இடித்ததில் அவளுடைய இடது தோள்வார் அறுந்து கவசம் தொங்கிவிட்டது. தையல் தாங்கியது, பழைய பையிலிருந்து வெட்டிய தோல்தான் கிழிந்தது. பசை டப்பாவை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். பின்னால் நின்ற பையன், என்ன வேஷமோ எனக்குத் தெரியாது, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இடுப்புப்பையைத் துழாவினான். பெரிய ஊக்கு ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இந்தாங்க அக்கா, இன்னும் ரெண்டு இருக்கு.”

கிழிந்த இடத்தை மடித்துக் குத்தினேன். எட்டில் இரண்டு தையல் மடிப்புக்குள் போய்விட்டது. சாயங்காலம் வரை நூறு பேராவது அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் முன்பக்கம்தான் நின்றார்கள்.