சொந்தமாக கவுன்சலிங் மையம்: துணியலாம், ஆனால் யார் செலவில்?

புனேயில் உளவியல் படித்துவிட்டு மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்க்கும் பலருக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கோத்ரூடிலோ ஔந்திலோ ஓர் அறை எடுத்துச் சொந்தமாக ஆரம்பித்தால் என்ன? தேவைக்குக் குறைவில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை; சிக்கலின் வகையைப் பொறுத்து இந்த அளவு மாறும். ஹிஞ்சவாடி ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள், கட்கி பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் என்று தாய்மொழியில் மனம்விட்டுப் பேச இடம் தேடுபவர்களும் இந்த ஊரில் உண்டு.

ஆனாலும் கால் முன்னே போவதில்லை. வருமானம் வருமா, யாராவது கேஸ் போட்டுவிட்டால் என்ன செய்வது, சட்டப்படி நாம் இதைச் செய்யலாமா என்ற மூன்று பயங்கள்தான் காரணம். மூன்றுமே நியாயமானவை. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த முடிவு தவறாகப் போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? நம் தலையில் என்றால் துணியலாம். நம்மை நம்பி வந்தவர் தலையில் என்றால், அந்தத் துணிச்சலுக்கு நமக்கு உரிமை இல்லை.

புனேக்கு இதில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. போதை மீட்பு என்றாலே ஒதுங்கிப்போன காலத்தில், 1986-இல், மனநல மருத்துவர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் முக்தாங்கண் மையத்தைத் தொடங்கினார்கள். மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பண உதவி செய்தார். மையம் ஆரம்பித்த இடம் எரவாடா மனநல மருத்துவமனை வளாகம். முயற்சி புதிது, ஆபத்தும் பெரிது. ஆனால் தகுதியுள்ள மருத்துவரும் பக்கத்திலேயே மருத்துவமனையும் இருந்ததால், அந்த ஆபத்தை நோயாளி சுமக்க வேண்டியிருக்கவில்லை.

பெயர்ப்பலகை மாட்டும் முன்

'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, பதிவில்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எம்.ஏ. உளவியல் முடித்தவர் ஆலோசனை தரலாம். இல்லாத பட்டத்தைப் பலகையில் ஏற்றக் கூடாது. 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன்படியான பதிவு நடைமுறையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தன் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ மனநலப் பணியாளர் யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. 'தூக்கம் வரலையா, இந்த மாத்திரையைப் போட்டுப் பாருங்க' என்று ஆலோசகர் சொல்வது உதவி ஆகாது, சட்ட மீறல். 

பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரியான மையம், இந்தச் சட்டம் சொல்லும் 'மனநல நிறுவனம்' ஆகாது. யாரையாவது தங்கவைக்க ஆரம்பித்தால் கதை வேறு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் நடத்தினால் முதல்முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். 2001-இல் ஏர்வாடி மனநல இல்லத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. பதிவை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டுத் தங்கும் வசதியைத் தொடங்கவே கூடாது.

அறையும் பணமும்

இது முழுக்க நம் பை சம்பந்தப்பட்ட ஆபத்து. ஆகவே இங்கே தாராளமாகத் துணியலாம், கணக்கோடு. அமர்வுக்கு 1,200 ரூபாய், வாரம் 12 அமர்வு என்று வைத்தால் மாதம் 57,600 ரூபாய். வாரத்துக்கு இருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் அது 48,000 ஆகிவிடும். அறை வாடகை 18,000 என்றால் மீதி 30,000. அதில்தான் சூப்பர்விஷன் கட்டணமும் வீட்டுச் செலவும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் புரியும். முதல் நாளே வேலையை விட வேண்டாம். மணிக்கணக்கில் அறை எடுத்து மாலை நேரத்தில் தொடங்கலாம். 'ஒரு நாள் முன்பு சொல்லாமல் ரத்து செய்தால் கட்டணம் உண்டு' என்ற விதியைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

அறை எடுக்கும்போது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-ஆம் பிரிவின்படி அது கட்டிட உரிமையாளரின் பொறுப்பு. பதிவு செய்யாவிட்டால், தகராறு வரும்போது வாடகைக்கு இருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே சரி என்று கொள்ளப்படும். மாற்றி நிரூபிப்பது உரிமையாளர் பாடு. அடுக்குமாடி என்றால் சொசைட்டியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சுயதொழில் செய்பவருக்கு மகாராஷ்டிரத்தில் தொழில் வரியும் உண்டு, பொதுவாக ஆண்டுக்கு 2,500 ரூபாய்.

ரகசியம்: துணிச்சலுக்கு உண்மையான சோதனை

ஐ.டி. நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களை உங்களிடம் அனுப்புகிறது, பணமும் நிறுவனமே கட்டுகிறது. மாதக் கடைசியில் எச்.ஆர். போன் செய்து, 'அந்தப் பையன் எப்படி இருக்கான்? புராஜெக்ட் தாங்குவானா?' என்று கேட்கிறார். பதில் சொன்னால் ஒப்பந்தம் தொடரும், மறுத்தால் போகலாம். மறுக்கத்தான் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. பணம் கட்டுபவர் என்பதற்காக விலக்கு கிடையாது. விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் குறிப்புகளைக் கேட்டுக் கடிதம் அனுப்பினாலும் அப்படியே. வக்கீல் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது.

விலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு ஆகிய நிலைகளில் தேவையான அளவு மட்டும் சொல்லலாம். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. சந்திரபூர் மாவட்ட விடுதி மாணவிகள் வழக்கில், தகவல் சொல்லாததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான எஃப்.ஐ.ஆரை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது.

இதையெல்லாம் முதல் அமர்விலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வளவளவென்று வேண்டாம்: 'நீங்கள் பேசுவதை வெளியே சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை, நீதிமன்ற உத்தரவு என்றால் தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டிவரும். நான் மருந்து எழுத மாட்டேன். அவசரம் என்றால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.' அந்த இடத்தில் வருபவரின் குடும்பத்தில் ஒருவர் எண்ணும், மத்திய அரசின் டெலி-மனஸ் இலவச எண் 14416-ம் இருக்கட்டும். நம் கைக்கு மீறியவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப, நாலு பேரின் எண்ணையாவது முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

புகார் வந்தால்

1995-இல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணம் வாங்கும் ஆலோசகரும் அதே கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வந்த தீர்ப்பு ஆறுதலானது: பலன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகாது, அத்தொழிலில் உள்ள ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கும் திறனும் கவனமும் இருந்ததா என்பதே கேள்வி. அதற்குச் சாட்சி உங்கள் குறிப்புகள். ஒவ்வொரு அமர்வுக்கும் தேதியிட்டு நாலு வரியாவது எழுதிப் பூட்டி வையுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூகுளில் ஒருவர் திட்டி எழுதினால் கை துறுதுறுக்கும். 'நீங்கள் மூன்று அமர்வுதான் வந்தீர்கள்' என்று பதில் போட்டால், அவர் உங்களிடம் வந்தவர் என்பதை நீங்களே ஊருக்குச் சொல்லியதாகிவிடும். பொய் என்றால் தளத்தில் புகார் செய்யுங்கள். எல்லை மீறினால் வக்கீல் நோட்டீஸ். பின்தொடர்வது, மிரட்டுவது என்று போனால் போலீஸ்.

ஆலோசனைக்கு வருபவர் தெரிந்துகொள்ள

ஆலோசகரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கடும் தீங்கு வரும் என்ற தகவலை மட்டுமே தள்ளிவைக்கலாம். சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார் கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915. ஆலோசகர் அத்துமீறித் தொட்டால், அது நேராகப் போலீஸுக்குப் போக வேண்டிய குற்றம்.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவர் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடட்டும். இடப்பக்கம் தனக்கு வரக்கூடிய நஷ்டங்கள், வலப்பக்கம் வருபவருக்கு வரக்கூடியவை. இடப்பக்கம் நீளமாக இருந்தால் சேமிப்பைக் கணக்குப் பார்த்து இறங்கலாம். வலப்பக்கத்தில் பதில் இல்லாத ஒரு வரி இருந்தாலும், அதற்குப் பதில் தேடும்வரை பெயர்ப்பலகை காத்திருக்கட்டும்.