கடலில் இறங்கும் முன்பே ஒரு வெள்ளோட்டம்

2019 மார்ச் 23. நார்வேயின் மேற்குக் கரையோரம், ஹுஸ்டாட்விகா என்ற கொந்தளிப்பான கடற்பகுதியில் ‘வைக்கிங் ஸ்கை’ உல்லாசக் கப்பலின் எஞ்சின்கள் நின்றுபோயின. உள்ளே 1,373 பேர். புயற்காற்று கப்பலைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. மோதுவதற்குச் சற்று முன்புதான் எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்கியது. 450 பேருக்கும் மேல் ஹெலிகாப்டர்களில் தூக்கப்பட்டுக் கரைசேர்ந்தார்கள்.

மசகு எண்ணெய் குறைவாக இருந்ததுதான் காரணம். கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்க, அழுத்தம் விழுந்து, எஞ்சின்கள் தாமாகவே நின்றன. எஞ்சினைக் காக்க வைத்த ஏற்பாடு, அந்த அலைகளுக்கு நடுவே கப்பலையே ஆபத்தில் தள்ளியது. எண்ணெய்த் தொட்டியைத் தனியாக, அசையாத தரையில் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது.

ஒரு கப்பலின் எஞ்சின் ஒரு நிறுவனத்துடையது, ஜெனரேட்டர் இன்னொன்றுடையது, கட்டுப்பாட்டு மென்பொருள் வேறொன்றுடையது. இவையெல்லாம் முதன்முதலில் ஒன்றுசேர்ந்து ஓடுவது பெரும்பாலும் கப்பல் கட்டி முடிந்த பிறகுதான். அப்போது தெரியவரும் தவறைத் திருத்தப் பணமும் காலமும் ஏராளமாகக் கரையும்.

இதற்கு விடையாக வந்ததே கூட்டு சிமுலேஷன். ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியின் கணினி மாதிரியைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் தொழில் ரகசியத்தைக் காட்ட வேண்டியதில்லை. என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்று சொன்னால் போதும். இதற்கான பொது இணைப்பு முறையான எஃப்எம்ஐ, டெய்ம்லர் கார் நிறுவனத்தின் முன்முயற்சியால் ஓர் ஐரோப்பியத் திட்டத்தில் உருவாகி 2010இல் வெளிவந்தது. கார் உலகம் கண்டுபிடித்ததைக் கப்பல் உலகம் எடுத்துக்கொண்டது.

மாதிரிகள் நொடியின் சிறு பகுதிக்குத் தனித்தனியே கணக்கிட்டு, விசை, வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பரிமாறிக்கொண்டு அடுத்த அடி வைக்கின்றன. இரு பரிமாற்றங்களுக்கு நடுவே உள்ள நேர இடைவெளி அதிகமானால் இல்லாத ஆற்றல் கணக்கில் முளைத்து, முடிவே பொய்யாகிவிடும். இடைவெளியைச் சரியாகத் தேர்வதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

நார்வேயில் டிஎன்வி ஜிஎல், ரோல்ஸ்ராய்ஸ் மரீன், சின்டெஃப் ஓஷன் ஆகிய நிறுவனங்களும் டிரான்ட்ஹைம் நகரின் என்டிஎன்யூ பல்கலைக்கழகமும் 2018இல் ‘ஓப்பன் சிமுலேஷன் பிளாட்ஃபார்ம்’ என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கின. போட்டியாளர்களின் கருவிகளும் ஒரே கணினிக் கப்பலில் சேர்ந்து ஓட வழி செய்ததே அதன் பெரிய சாதனை.

சிமுலேஷன் மட்டுமே வைக்கிங் ஸ்கையைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டியவர்கள் மனிதர்கள். ஆனால் எண்ணெய் குறைந்த எஞ்சினைப் புயலில் ஆட்டிப் பார்க்க, உயிரைப் பணயம் வைக்காத இடம் கணினி ஒன்றுதான். அந்த நார்வே முயற்சியின் ‘லிப்கோசிம்’ மென்பொருள் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. கப்பல் பொறியியல் படிக்கும் எந்த மாணவரும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.